எலுமிச்சைத் தைல மரம்: எண்ணெயின் பயனும் நீரின் கணக்கும்

மழையை நம்பி வாழும் உழவருக்குப் பயிர் பொய்த்த ஆண்டிலும் கைகொடுக்கும் துணை வருவாய் ஒன்றைத் தேடித் தருவது, ஊரக வளர்ச்சிப் பணியின் நீண்டகால நோக்கங்களுள் ஒன்றாகும். ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் அமைந்துள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இத்தேவை மிகுதி. இவ்வட்டாரத்து மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாக நிலக்கடலையே முதன்மைப் பயிராக இருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. ஆயினும் அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுகிறது. 1973-ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் அன்றைய சித்தூர் மாவட்டம் இடம்பெற்றிருந்ததே இந்நிலையைத் தெளிவாக்கும். அம்மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து 2022-ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. நிர்வாக எல்லைகள் மாறினும் நிலத்தின் வறட்சி மாறவில்லை.

இத்தகைய நிலங்களுக்கு ஏற்றவை என்று எடுத்துக் கூறப்படுவனவற்றுள் நறுமணத் தாவரங்களும் அடங்கும். அவற்றுள் ஒன்று, இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும் ஒருவகைத் தைல மரம். அதன் இலையிலிருந்து எண்ணெய் கிடைக்கிறது. தண்டு கம்பமாகவும் விறகாகவும் பயன்படுகிறது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர் எழுகிறது. இவ்வளவு நன்மைகள் ஒரே மரத்தில் இருக்கும்போது தரிசு நிலமெங்கும் அதனை நட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்பே. ஆயின் எண்ணெயின் மதிப்பை மட்டும் பார்த்து, மரம் உறிஞ்சும் நீரைப் பாராதிருந்தால் வரவைவிடச் செலவு மிகுந்துவிடும். எனவே இந்த எண்ணெய் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, அதனை வடிப்பது எவ்வாறு, அதற்குரிய மரத்தை எங்கு வளர்க்கலாம் என்பவற்றை ஒன்றாக வைத்து ஆராய்தல் வேண்டும்.

மரமும் அதன் பெயரும்

தைல மரங்களின் தாயகம் ஆஸ்திரேலியா. அவற்றுள் எலுமிச்சை மணமுடையது குயின்ஸ்லாந்துப் பகுதிக்கு உரியது. ஆங்கிலத் தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1848-ஆம் ஆண்டு இதற்கு யூக்கலிப்டஸ் சிட்ரியோடோரா என்று பெயரிட்டார். 1995-ஆம் ஆண்டு ஹில், ஜான்சன் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் இதனையும் இதனோடு நெருங்கிய இனங்களையும் கொரிம்பியா என்னும் தனிப் பேரினத்தில் சேர்த்தனர். ஆகவே இன்றைய நூல்களில் இது கொரிம்பியா சிட்ரியோடோரா என வழங்கப்படுகிறது. பழைய பெயரும் வணிகத்தில் இன்னும் நிலவுவதால், மாணவர் இவ்விரண்டும் ஒரே மரத்தையே குறிக்கும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் தைல மரம் முதன்முதலாக நடப்பட்ட இடம் பெங்களூர் அருகிலுள்ள நந்தி மலை என்றும், திப்பு சுல்தான் காலத்தில், ஏறத்தாழ 1790-ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது என்றும் கூறுவர். நீலகிரியில் 1843-இல் அது அறிமுகமாயிற்று. விறகுத் தேவைக்காக அங்கு ஒழுங்கான தோப்புகள் 1856 முதல் எழுந்தன. பின்னர்க் காகிதக் கூழுக்காகச் சமவெளிகளிலும் தைல மரம் பரவியது. ஆந்திர மக்கள் இதனை ஜாமாயில் என்றும் நீலகிரி என்றும் அழைக்கின்றனர்.

இங்கு ஒரு வேறுபாட்டை வற்புறுத்திக் கூற வேண்டும். நீலகிரி மலையில் தைலம் எடுக்கப் பயன்படுவது யூக்கலிப்டஸ் குளோபுலஸ் என்னும் குளிர்மலை மரம். தென்னிந்தியச் சமவெளித் தோப்புகளில் கூழுக்காகப் பெரிதும் வளர்க்கப்படுவது யூக்கலிப்டஸ் டெரிடிகார்னிஸ், அதன் ஒட்டினங்கள், அவற்றிலிருந்து பெருக்கப்பட்ட நகல் கன்றுகள் ஆகியன. எலுமிச்சை மணமுடையது இவ்விரண்டிற்கும் வேறானது. மூன்றிற்கும் மக்கள் வழக்கில் பெயர் ஒன்றாயினும் இலையில் உள்ள எண்ணெய் ஒன்றன்று. சமவெளிக் கூழ்த் தோப்பின் இலையைக் கொண்டுவந்து எவ்வளவு வடித்தாலும் எலுமிச்சை மணமுள்ள எண்ணெய் கிடைக்காது. கண்ணெதிரே தோப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வடிசாலை அமைக்க முற்படுவோர், முதலில் அது எந்த இனத் தோப்பு என்பதை வனத்துறையினரைக் கொண்டு உறுதி செய்தல் இன்றியமையாதது.

இலையில் உள்ள எண்ணெய்

தாவரங்களின் மணம் பெரும்பாலும் ஆவியாகும் எண்ணெய்களால் உண்டாவது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை கொழுப்பு வகையின. அவை காகிதத்தில் பட்டால் கறை நிலைத்து நிற்கும். நறுமண எண்ணெய் அவ்வாறன்றிக் காற்றில் ஆவியாகி மறையும். தைல மர இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிறு புள்ளிகள் தெரியும். அவையே எண்ணெய்ச் சுரப்பிகள்.

நீலகிரித் தைலத்தின் முதன்மைக் கூறு சினியோல். மூக்கடைப்பின்போது நாம் உணரும் குளிர்ச்சியான காரமணம் அதனுடையதே. எலுமிச்சைத் தைல மரத்தின் எண்ணெயில் முதன்மையாக இருப்பது சிட்ரொனெல்லல் என்னும் ஆல்டிஹைடு. நல்ல எண்ணெயில் இது 70 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது பன்னாட்டுத் தர வரையறை. இதனோடு சிட்ரொனெல்லால், ஐசோபுலிகால் முதலியவும் சிறு அளவில் கலந்திருக்கும். எலுமிச்சைப் புல் எண்ணெயின் மணமும் இதனை ஒத்ததாகத் தோன்றினும் அதன் முதன்மைக் கூறு சிட்ரால், இதனின் வேறானது. சிட்ரொனெல்லா புல்லின் எண்ணெயில் சிட்ரொனெல்லல் உண்டு. ஆயின் தைல மரத்து எண்ணெயில் உள்ள அளவிற்கு இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டறிவுக்கு மட்டும் உரியதன்று. மருந்தியல் தரநூல்கள் யூக்கலிப்டஸ் எண்ணெய் என்று குறிப்பிடுவது சினியோல் மிகுந்த எண்ணெயையே. எலுமிச்சைத் தைல மரத்தின் எண்ணெய் அந்த வரையறைக்குள் வாராது. சளிக்கும் மூச்சடைப்பிற்கும் நீலகிரித் தைலத்திற்கு மாற்றாக இதனை விற்பதும் வாங்குவதும் தவறு.

வடிக்கும் முறை

எண்ணெய் எடுக்கும் தொழில்நுட்பம் எளிது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜோசப் பொசிஸ்டோ என்னும் மருந்தாளர் 1852-இல் தைல மர எண்ணெயை வணிக அளவில் வடிக்கத் தொடங்கினார். அன்று கையாண்ட நீராவி வடிப்பு முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. வடிகலத்தின் அடியில் நீர் கொதிக்க, அதற்கு மேல் துளைத்தட்டில் இலை அடுக்கப்படும். நீராவி இலையினூடே ஏறும்போது எண்ணெயையும் ஆவியாக்கிக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். குளிர்நீர் சூழ்ந்த சுருள் குழாயில் அது குளிர்ந்து நீரும் எண்ணெயுமாக வடியும். எண்ணெய் நீரினும் இலேசானதாகையால் பிரிகலத்தில் மேலே மிதக்கும். அதனைத் தனியே வடித்தெடுக்கலாம். சிறிய நிலையங்களில் கலத்தை நேரடியாக விறகால் சூடேற்றுவர். பெரியவற்றில் தனிக் கொதிகலன் அமைப்பர். பின்னதில் விறகுச் செலவு குறைவு. எண்ணெய் கருகும் அச்சமும் இல்லை.

இலையைக் காலைப் பனி உலர்ந்தபின் கொய்வது நன்று. கொய்த இலையைக் குவியலாக வைத்துப் புழுங்க விடலாகாது. நிழலில் பரப்பி ஓரிரு நாள் வாடவிட்டால் ஒரே கலத்தில் மிகுதியான இலையை இடலாம். இலையின் வயது, பருவம், மரத்தின் வித்து மரபு ஆகியவற்றைப் பொறுத்து 100 கிலோ இலைக்கு அரைக் கிலோ முதல் 2 கிலோ வரை எண்ணெய் கிடைக்கக்கூடும். வடித்த எண்ணெயை நீர் நீக்கி, வடிகட்டி, அலுமினியம் அல்லது துத்தநாகப் பூச்சுள்ள கலத்தில் வாய்வரை நிரப்பி, ஒளிபடாத குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். சிட்ரொனெல்லல் காற்றுப்பட்டால் எளிதில் ஆக்சிகரணம் அடையும். பாதி நிறைந்த கலத்தில் பல மாதம் கிடந்த எண்ணெய்க்கு நல்ல விலை கிட்டாது.

விளக்கத்திற்காக ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு சிற்றூர் நிலையத்தில் 500 கிலோ கொள்ளும் கலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு இருமுறை இலை இட்டால் ஒரு டன் இலை தேவை. நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நாளுக்கு 10 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆண்டில் 100 நாள் வேலை நடக்க 100 டன் இலை வேண்டும். இந்த இலை அருகிலிருந்து கிடைத்தாலன்றி வண்டிக் கூலியே எண்ணெயின் விலையை விழுங்கிவிடும். ஆகவே வடிகலத்தின் விலையைப் பார்க்கிலும், இலை எங்கிருந்து, எந்த மாதத்தில், எவ்வளவு வரும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. மற்றொன்றையும் மறத்தலாகாது. ஆவியைக் குளிர்விக்கத் தொடர்ந்து நீர் வேண்டும். வறட்சிப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒருமுறை பாய்ச்சி வீணே ஓடவிடாமல், தொட்டியில் தேக்கி ஆற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் அமைப்பு கட்டாயமாக இருத்தல் வேண்டும்.

எண்ணெயின் பயன்கள்

இந்த எண்ணெயின் பெரும்பகுதி மணப்பொருள் தொழிலுக்கே செல்கிறது. சோப்பு, தரை துடைக்கும் திரவம், துணி துவைக்கும் பொடி, ஊதுவத்தி முதலியவற்றில் இதன் மணம் நேரடியாகச் சேர்க்கப்படுகிறது. இதிலிருந்து சிட்ரொனெல்லலைப் பிரித்து, ரோசா மணத்தை ஒத்த சிட்ரொனெல்லாலாகவும், மென்மையான மலர் மணம் தரும் ஹைட்ராக்சி சிட்ரொனெல்லலாகவும் மாற்றுகின்றனர். ஐசோபுலிகால் வழியாக மென்தாலும் தயாரிக்க இயலும்.

இயற்கை எண்ணெய்க்குப் போட்டியும் இங்குதான் எழுகிறது. தேவதாரு வகை மரங்களின் டர்ப்பன்டைன் முதலிய மலிவான மூலப்பொருள்களிலிருந்தும் சிட்ரொனெல்லலைத் தொழிற்சாலையில் உண்டாக்கலாம். ஜப்பானில் 1980-களில் மைர்சீன் என்னும் பொருளிலிருந்து சிட்ரொனெல்லல் வழியே மென்தால் தயாரிக்கும் முறை பேரளவில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு அடித்தளமான ஆராய்ச்சியைச் செய்த ரியோஜி நொயோரி 2001-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செயற்கைப் பொருள் கிடைக்கும்போது இயற்கை எண்ணெயின் விலை ஓர் எல்லைக்கு மேல் உயர்வதில்லை. சீனாவும் பிரேசிலும் இவ்வெண்ணெயைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றன. உழவர்க்கு வருவாய்க் கணக்கைக் காட்டும் அலுவலர், ஓராண்டின் உயர்ந்த விலையை மட்டும் காட்டாமல் பல ஆண்டுகளின் ஏற்றத்தாழ்வையும் காட்டுதல் நேர்மையாகும்.

பூஞ்சைகள், நுண்ணுயிர்கள், சேமிப்புத் தானியத்தைத் தாக்கும் சில பூச்சிகள் ஆகியவற்றின்மீது இவ்வெண்ணெய் செயல்படுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கண்ட விளைவு நோய் தீர்க்கும் மருந்துக்குச் சான்றாகாது. நீர்த்துப்போகாத நிலையில் இது தோலில் எரிச்சலும் ஒவ்வாமையும் தரக்கூடும். நறுமண எண்ணெய்களை அருந்துதல் ஆபத்தானது. நீலகிரித் தைலத்தைச் சில மில்லி லிட்டர் விழுங்கிய குழந்தைகளுக்கும் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டதுண்டு. இத்தகைய எண்ணெய்ப் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

கொசு விரட்டியும் எண்ணெயும்

எலுமிச்சைத் தைல மரத்தின் பெயர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அதன் கொசு விரட்டும் ஆற்றல். 1960-களிலும் 1970-களிலும் சீன ஆய்வாளர்கள் பல தாவரங்களைச் சோதித்தபோது, இம்மரத்தின் எண்ணெயை வடித்தபின் எஞ்சும் கழிவில் மிகுந்த விரட்டும் ஆற்றல் இருப்பதைக் கண்டனர். அதற்குக் காரணமான பொருள் பாரா-மென்தேன்-3,8-டயால் எனப்பட்டது. இதனைச் சுருக்கமாகப் பி.எம்.டி. என்பர். சீனாவில் அது குவென்லிங் என்ற பெயரில் வழக்கிற்கு வந்தது.

பச்சை எண்ணெயில் பி.எம்.டி. மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. சிட்ரொனெல்லலை நீர்த்த அமிலத்துடன் வினைப்படுத்தினால் அது பி.எம்.டி.யாக மாறுகிறது. சிட்ரொனெல்லலும் கொசுவை விரட்டும். ஆயின் தோலில் தடவிய சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். பி.எம்.டி. மெல்லவே ஆவியாவதால் பல மணி நேரம் பயன் தருகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டு பி.எம்.டி.யைப் பதிவு செய்தது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005-இல் அதனைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் அறிவுறுத்தப்பட்டுள்ளது. அப்பரிந்துரை, பதப்படுத்தப்பட்டுப் பி.எம்.டி. செறிந்த பொருளுக்கே உரியது. வடித்தெடுத்த பச்சை எண்ணெய்க்கு உரியதன்று. எலுமிச்சைத் தைல மர எண்ணெய் என்னும் பெயரிலேயே அப்பொருளும் விற்கப்படுவதால் குழப்பம் நேர்கிறது. ஊரக நிலையத்தில் வடித்த எண்ணெயைப் புட்டியில் அடைத்து, பல மணி நேரம் கொசுவினின்று காக்கும் என்று எழுதி விற்றால் அது வாங்குவோரை ஏமாற்றுவதாகும். பி.எம்.டி. தயாரிப்பதற்கு வேதியியல் தேர்ச்சியும், தரச் சோதனையும், உரிய அரசுப் பதிவும் வேண்டும்.

திருப்பதியைப் போன்ற தலத்தில் இச்செய்தி தனி முக்கியத்துவம் பெறுகிறது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நாள்தோறும் பல்லாயிரம் பேர் வந்து செல்லும் ஊரில், கொசுவால் பரவும் நோய் ஒன்று தோன்றினால் அது அவ்வூரோடு நில்லாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டுத் தொட்டியிலும் கைவிட்ட டயரிலும் தேங்கிய தூய நீரில் முட்டையிடுவது. இதனைத் தடுக்க முதல் வழி, தேங்கிய நீரை வாரம் ஒருமுறை அகற்றுதல். விரட்டிகள் அப்பணிக்குத் துணையே அன்றி மாற்று அல்ல.

நீலகிரி தரும் பாடம்

தைல மரத்தை நம்பி ஊரகத் தொழில் வளர்ந்ததற்கு நம் அருகிலேயே உள்ள சான்று நீலகிரி. உதிர்ந்த இலையையும் வெட்டிய கிளைகளின் இலையையும் திரட்டி, சிறு வடிகலங்களில் காய்ச்சி எடுத்த தைலம் அம்மாவட்டத்தின் அடையாளமாகவே ஆயிற்று. இலை திரட்டுவோர், கலம் காய்ச்சுவோர், சிறு வணிகர் எனப் பலர் அதனால் பிழைத்தனர். வடித்த இலையை உலர்த்தி மீண்டும் அடுப்புக்கே எரிபொருளாக்கியது அவர்தம் சிக்கன முறை.

ஆயின் இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இயற்கையாக இருந்த புல்வெளிகள் பலவற்றைத் தைல மரமும் சீகை மரமும் மூடின. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளன்மார்கன் என்னுமிடத்தில் இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பல்லாண்டு அளந்து ஆராய்ந்தது. ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றின் ஒரு பகுதியில் தைல மரம் நடப்பட்டது. மரம் நட்ட நிலத்தினின்று வெளியேறும் நீரின் அளவு முதல் பத்தாண்டுச் சுழற்சியில் 16 விழுக்காடு குறைந்தது. மறுதாம்புச் சுழற்சியில் அக்குறைவு மேலும் கூடிற்று. மழை மிகுந்த மலையிலேயே இவ்வாறெனில் வறண்ட மேட்டு நிலத்தில் என்னாகும் என்ற வினா எழுகிறது.

வறண்ட நிலத்தின் நீர்க் கணக்கு

அவ்வினாவிற்கான விடை கர்நாடகத்திலிருந்து கிடைத்தது. பிரிட்டனின் நீரியல் நிறுவனமும் கர்நாடக வனத்துறையும் பிற நிறுவனங்களும் சேர்ந்து 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் விரிவான ஆய்வை நடத்தின. சிமோகா மாவட்டத்தில் ஆழங்குறைந்த மண்ணில் நின்ற தைல மரங்கள், அங்குள்ள இயற்கையான இலையுதிர் காட்டைவிட மிகுதியாக நீரை உண்ணவில்லை. இது தைல மரத்தின் ஆதரவாளர்க்குச் சாதகமான முடிவு. ஆனால் அவை உண்ட நீர் கேழ்வரகுப் பயிர் உண்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் ஆழமான மண்ணில் நின்ற தோப்பு, பெய்த மழையினும் கூடுதலான நீரைச் செலவிட்டது. ஆண்டுதோறும் வேரை ஆழமாகச் செலுத்தி, மண்ணின் அடியடுக்குகளில் முன்பே தேங்கியிருந்த ஈரத்தையும் அம்மரங்கள் எடுத்துக்கொண்டன.

ஹொசகோட்டே, பெங்களூரிலிருந்து கோலார், முல்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூருக்கு வரும் சாலையில் உள்ளது. குப்பம், பலமனேர், புங்கனூர் ஆகிய மேற்கு வட்டாரங்கள் அதே மேட்டு நிலத்தின் தொடர்ச்சி. எனவே அங்குக் கண்ட முடிவைச் சித்தூர் அலுவலர் வேற்று மாநிலச் செய்தி எனத் தள்ளிவிடலாகாது. கர்நாடக அரசு 2017-இல் புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது. கோலார்ப் பகுதியில் நிலத்தடி நீர் வற்றியது குறித்து நெடுநாளாக எழுந்த முறையீடுகள் அதற்குப் பின்னணியாக இருந்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும், ஏரிகள் தூர்ந்ததும் நீர் வற்றியதற்குப் பெருங்காரணங்கள் என்பதையும் மறுத்தற்கில்லை. தைல மரம் ஒன்றே குற்றவாளி என்பது மிகை. அதற்குப் பொறுப்பே இல்லை என்பது அதனினும் பெரும் மிகை.

சித்தூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தால் வளர்ந்த நிலம். பாலாறு குப்பம் பகுதியினூடே தமிழ்நாட்டிற்குச் செல்கிறது. சுவர்ணமுகி திருப்பதியையும் காளத்தியையும் கடந்து கடலை அடைகிறது. இவற்றின் நீர்வரத்துப் பரப்புகளில் மரத்தின் வகையை மாற்றினால், விளைவு கீழுள்ள ஏரிகளிலும் கிணறுகளிலும் தெரியும். மேட்டில் நட்டவனுக்கு எண்ணெய். பள்ளத்தில் கிணறு வைத்தவனுக்கு வறட்சி என்னும் நிலை நேர்ந்தால் அதனை வளர்ச்சி என்று கூற இயலாது. ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டபோது இம்மூன்றும் ஒரே சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் உண்மையை அச்சட்டத்தின் பெயரே உணர்த்துகிறது.

எங்கு வளர்க்கலாம்?

சேஷாசல மலைத்தொடர் இவ்வகை நடவுக்கு முற்றிலும் விலக்கப்பட வேண்டிய பகுதி. இவ்வட்டாரத்துக் காடுகளுக்கே உரிய செம்மரத்தின் உறைவிடம் அது. 2010-இல் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருமலையின் குடிநீர் ஆதாரமான பாபவிநாசம், ஆகாசகங்கை, கோகர்ப்பம், குமாரதாரை, பசுபுதாரை அணைகளும் அம்மலையிலேயே உள்ளன. அங்கு அயல் மரத்திற்கு இடமில்லை. ஏரிகளின் நீர்வரத்துப் பகுதி, ஊற்றுகளின் மேற்பகுதி, குடிநீர்க் கிணறுகளின் சுற்றுப்புறம் ஆகியனவும் தவிர்க்கத்தக்கவை.

எஞ்சிய இடங்களிலும் தனித் தோப்பாக நெருக்கி நடுவதைவிட, வரப்பில் ஒற்றை வரிசையாகவோ, பழைய கூழ்த் தோப்பை வெட்டி மறுநடவு செய்யும் இடத்தில் ஒரு பகுதியாகவோ நடுவது பொருந்தும். ஏற்கெனவே தைல மரம் நின்ற நிலத்தில் இனத்தை மட்டும் மாற்றுவதால் நீர்ச்சுமை பெரிதும் கூடாது. வரப்பு மரத்தை மார்பளவு உயரத்தில் வெட்டிவிட்டுப் பக்கத் தளிர்களைக் கொய்துவந்தால், நிலத்திற்கு நிழல் குறையும், இலையும் கைக்கெட்டும். அருகிலுள்ள பயிரோடு வேர் போட்டியிடும் என்பதால் பக்கத்து நிலத்தாரின் இசைவைப் பெறுவதும் நல்லது.

நறுமண எண்ணெய்தான் நோக்கம் எனில் மரத்திற்கு மாற்றாகப் புல் வகைகளும் உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எலுமிச்சைப் புல், பாமரோசாப் புல் ஆகியவற்றின் வேர்கள் மரத்தின் வேரைப்போல் ஆழம் செல்வதில்லை. நட்ட ஆறு மாதத்திற்குள் எலுமிச்சைப் புல்லை முதல் அறுவடை செய்யலாம். பின்னர்ச் சில ஆண்டுகள் தொடர்ந்து மறுதாம்பு அறுக்கலாம். சரிவு நிலத்தில் மண்ணரிப்பையும் அது தடுக்கும். எண்ணெய் விழுக்காடு தைல மரத்தினும் குறைவே. மழை குன்றினால் அறுவடையின் எண்ணிக்கையும் குறையும். ஆயினும் உழவர் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டுவதில்லை. விலை சரிந்தால் புல்லை உழுதுவிட்டு வேறு பயிருக்கு மாறலாம். மரத்தின் அடிக்கட்டையை அகற்றுவதோ பெருஞ்செலவு.

வடிகலம் இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது. எனவே ஒரு கிராமத்தார் கூட்டாக ஒரு நிலையம் அமைத்து, புல்லை ஒரு பருவத்திலும் வரப்பு மரங்களின் இலையை மற்றொரு பருவத்திலும் வடித்தால், கலம் வெறுமனே கிடக்கும் நாள்கள் குறையும். ஓர் எண்ணெயின் விலை வீழ்ந்தாலும் மற்றொன்று தாங்கும். ஒவ்வோர் எண்ணெயையும் வடித்தபின் கலத்தை வெறும் நீராவியால் தூய்மை செய்தல் வேண்டும். இல்லையேல் மணங்கள் கலந்து இரண்டுமே தரம் குன்றும்.

இத்துறையில் வழிகாட்ட நிறுவனங்கள் உள்ளன. 1959-இல் தொடங்கப்பெற்று இலக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் ஆராய்ச்சி மையங்களை நடத்துகிறது. அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 2017-இல் தொடங்கிய நறுமண இயக்கத்தின் வாயிலாக நடவுப் பொருளும், வடிகலமும், பயிற்சியும் பல மாநில உழவர்க்கு வழங்கப்பட்டன. திருப்பதியில் வேளாண் கல்லூரியும், மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையமும், 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் உள்ளன. எண்ணெயின் சிட்ரொனெல்லல் அளவைச் சோதித்துச் சான்றளிக்கும் வசதி உழவருக்கு அருகிலேயே கிடைக்குமாயின், இடைத்தரகர் கூறும் தரத்தையே நம்பியிருக்கும் நிலை நீங்கும்.

அலுவலர் கேட்க வேண்டிய வினாக்கள்

ஒரு கிராமத்திலிருந்து நறுமண எண்ணெய்த் திட்டம் ஒன்று ஒப்புதலுக்கு வருமாயின், பரிசீலிக்கும் அலுவலர் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம்.

1. நடப்போகும் அல்லது இலை கொய்யப்போகும் மரம் எந்த இனம்? அதன் எண்ணெயில் சிட்ரொனெல்லல் எவ்வளவு என்பது சோதிக்கப்பட்டுள்ளதா?

2. அந்நிலத்தின் நீர் எந்த ஏரிக்கு, எந்தக் கிணற்றுக்குச் செல்கிறது? அதனைப் பயன்படுத்துவோர் கருத்துக் கேட்கப்பட்டதா?

3. வண்டி சென்று வரத்தக்க தொலைவிற்குள் ஆண்டில் எத்தனை டன் இலை கிடைக்கும்?

4. கலத்தைக் குளிர்விக்கும் நீரைத் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு உண்டா?

5. எண்ணெயை வாங்குவோர் யார்? பல ஆண்டு விலையின் சராசரியைக் கொண்டு கணக்கிடும்போதும் இலாபம் நிற்கிறதா?

இவ்வைந்திற்கும் நிறைவான விடை கிடைக்குமாயின் அத்திட்டத்தைத் தயக்கமின்றி ஊக்குவிக்கலாம். முதல் இரண்டிற்கு விடை இல்லையெனில், மற்ற மூன்றும் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நிறுத்தி வைப்பதே முறை. இனத்தில் நேர்ந்த பிழையை உழவர் நான்காண்டு கழித்தே அறிவார். நீரில் நேர்ந்த பிழையை அவருடைய பிள்ளைகள் அறிவர்.

எலுமிச்சைத் தைல மரத்தின் எண்ணெய் மதிப்புடைய பொருள் என்பதில் ஐயமில்லை. மணப்பொருளாகவும், வேதியியல் மூலப்பொருளாகவும், பதப்படுத்தியபின் கொசு விரட்டியாகவும் அது மக்களுக்கு உதவுகிறது. அந்த உதவி சித்தூர், திருப்பதி வட்டார உழவரையும் எட்டுதல் வேண்டும். எண்ணெய்க் கலத்தில் சேரும் ஒவ்வொரு கிலோவையும் நிலத்தடியில் குறையும் நீரோடு ஒப்பிட்டு அளக்கும் பழக்கம் அலுவலரிடமும் உழவரிடமும் வேரூன்றினால், வரப்பில் நிற்கும் மரமும் சரிவில் வளரும் புல்லும் வறண்ட ஆண்டுகளில் நம்பத்தக்க துணையாக விளங்கும்.